லயத்து எலியும் வயல் எலியும்

இலங்கையின் ஊவாவில் பசறை, லுணுகலை, ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கோழிக்கூடு எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே எலித் தொல்லையின் பாதிக் கதை விளங்கிவிடும். லயம் என்னும் வரிசை வீட்டின் சுவரோடு ஒட்டி, விறகு அடுக்குக்கும் கான் என்னும் வடிகாலுக்கும் நடுவில், பழைய பலகையும் துருப்பிடித்த தகரமுமாகக் கூடு நிற்கும். ஒரு பக்கம் அடுத்த காம்பராக்காரரின் குசினி. இன்னொரு பக்கம் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடம். மேலே வரிசை முழுவதற்கும் பொதுவான ஒரே கூரை. எலிக்கு வேண்டிய தீனும் தண்ணீரும் ஒளிவிடமும் ஓடுபாதையும் பத்தடிக்குள் அமைந்துவிடுகின்றன. கூட்டைத் தள்ளி வைக்க வேண்டும் என்பது அங்குள்ள பெண்களுக்குத் தெரியாததல்ல. தள்ளி வைக்க இடம் இல்லை. காம்பராவுக்கு வெளியே இருப்பதெல்லாம் தோட்டத்தின் நிலம்.

தமிழ்நாட்டுக் கிராமத்தில் நிலைமை வேறு. வீடு சின்னதாக இருந்தாலும் பின்னால் ஒரு கொல்லை இருக்கும். பெரிய கோழிகள் இரவில் முருங்கையிலோ பூவரசிலோ ஏறி அடையும். குஞ்சுக்காரக் கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து மேலே கல்லைத் தூக்கி வைப்பார்கள். காலையில் ஒரு கை நொய்யோ கம்போ விசிறினால் போதும், மீதியைக் கோழி தானே கிளறித் தேடிக்கொள்ளும். எலி அங்கேயும் உண்டு, ஆனால் அது வயலிலிருந்து வருகிற எலி. தை மாசியில் அறுவடை முடிந்து வயல் வெறுமையாகும்போது, வைக்கோல்போரோடும் நெல்மூட்டையோடும் அதுவும் ஊருக்குள் வரும். வருகிற காலம் தெரியும், வருகிற திசையும் தெரியும்.

ஊவாவில் தேயிலைக்கு அப்படியொரு அறுவடைக் காலம் இல்லை. ஆண்டு முழுக்கக் கொழுந்து எடுக்கிறார்கள். தேயிலையில் எலிக்குத் தின்ன ஒன்றும் கிடையாது; அதன் சாப்பாடு ஆண்டு முழுக்க லயத்திலேயே இருக்கிறது. அதை இடம்பெயர்க்கிற ஒரே பருவம் மழை. ஒக்டோபரில் பெருமழை தொடங்கிக் கான்கள் நிரம்பும்போது, கான் கரையில் வளை தோண்டியிருந்த பெருச்சாளியும் மானாப் புல்லுக்குள் இருந்த எலிகளும் மேட்டைத் தேடி ஏறும். அந்த மேட்டில்தான் லயம் இருக்கிறது.

அதனால் தமிழ்நாட்டில் எலியோடு மல்லுக்கட்டுவது ஒரு வீட்டின் வேலையாகவோ ஒரு வயலின் வேலையாகவோ இருக்க முடிகிறது. ஊவாத் தோட்டங்களில் அது ஒரு லயம் முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. இதைக் கவனிக்காமல் அங்கே பலித்த முறையை இங்கே கொண்டுவருவதால்தான் பொறி வாங்கிய காசும் மருந்து வாங்கிய காசும் வீணாகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

லயத்துக் கூரையில் ஓடுவது பெரும்பாலும் கறுப்பு எலி. மரமேறி, கயிற்றிலும் கம்பியிலும் நடக்கும். பழைய லயங்களில் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரை வரை எட்டாமல் நின்றுவிடும் இடங்கள் உண்டு. அந்த இடைவெளியால் முதல் காம்பராவில் இருக்கும் எலி கடைசிக் காம்பரா வரை தரையைத் தொடாமலே போய்வரும். மூன்றாம் காம்பராக்காரர் ஒரு பொறி வைத்து இரண்டு எலியைப் பிடித்தாலும் அந்த இடத்துக்கு ஏழாம் காம்பராவிலிருந்து வேறு இரண்டு வரும். பெண் எலி மூன்று வாரத்தில் ஈனும், ஒரு ஈற்றுக்கு ஆறு எட்டுக் குட்டி போடும், அந்தக் குட்டிகள் மூன்று மாதத்தில் தாமும் ஈனத் தயாராகும். ஒற்றைப் பொறியால் இந்தக் கணக்கை முந்த முடியாது.

தரையில் வருவது பெருச்சாளி. கூட்டின் அடித்தளத்தைக் குடைந்து, ஈரமண்ணைக் குவியலாக வெளியே தள்ளியிருக்கும். மூஞ்சூறையும் சிலர் எலியென்று அடித்துக் கொல்கிறார்கள். அது எலியே அல்ல, பூச்சி தின்னும் பிராணி. அதை விட்டுவிடலாம்.

கூட்டுக்குள் நடக்கும் சேதத்தில் கண்ணில் படுவது முட்டையும் குஞ்சும்தான். கண்ணில் படாத சேதம் தீன். ஒரு எலி ஒரு நாளைக்குச் சுமார் 20 கிராம் தின்னும். ஐந்தாறு எலி சேர்ந்தால் ஒரு கோழியின் தீன் போய்விடும். பத்து எலி இருக்கிற கூட்டில் மாதத்துக்கு 6 கிலோ. கடைத்தீன் விலைக்கு நாட்கூலிக் குடும்பம் ஒன்று இந்த நட்டத்தைத் தாங்காது. தின்பதைவிட அதிகமாக எச்சமும் மூத்திரமும் விட்டுக் கெடுக்கும். சால்மொனெல்லா போன்ற கிருமிகள் கோழிக்குப் போகிற வழிகளில் அதுவும் ஒன்று. எலியின் பின்னால் சாரையும் நாகமும் வரும். சாரை வந்தால் எலி குறையும், ஆனால் முட்டையும் குஞ்சும் அதோடு சேர்ந்து குறையும். நாகம் வந்துவிட்டால், விடியுமுன் இருட்டில் கூட்டுக்குள் கை விடுகிற பெண்ணின் உயிருக்கே ஆபத்து.

இந்த மலைக்கும் எலிக்கும் உள்ள உறவு தேயிலையைவிட மூத்தது. காப்பிக் காலத்தில் மத்திய மலைத் தோட்டங்களைக் காப்பி எலி என்று ஓர் இனம் கூட்டமாக வந்து தாக்கியது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட தன் நூலில் இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். காட்டில் நெலு என்னும் குறிஞ்சிச் செடியின் விதையைத் தின்று வாழும் எலி, அது அற்றுப்போகும் ஆண்டுகளில் தோட்டத்துக்குள் இறங்கி, காப்பி மொட்டுக்கும் பூவுக்குமாகக் கத்தியால் வெட்டியதுபோல் கிளைகளைத் துண்டித்துப்போட்டது. அந்த எலியின் அறிவியல் பெயரில் இருப்பது சென்னை மாகாணத்தில் பணியாற்றிய வால்டர் எலியட்டின் பெயர். இலங்கையில் உள்ள அதே இனம் தென்னிந்தியாவிலும் உண்டு.

தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் இந்த எலியை எண்ணெயில் பொரித்தும் குழம்பு வைத்தும் உண்டார்கள் என்றும், எலி அதிகம் உள்ள தோட்டங்களையே விரும்பினார்கள் என்றும் டெனன்ட் எழுதுகிறார். வேடிக்கைச் செய்தி போல இது திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லப்பட்டிருக்கிறது. எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அரிசிக் கடனைக் கழித்துக்கொண்டு மிச்சக் கூலியைக் கொடுத்த காலத்தில், கறி வாங்க வழியில்லாதவர்கள் தோட்டத்தின் பயிரைக் காத்துக்கொண்டே தங்கள் சட்டிக்கும் கறி சேர்த்தார்கள். எலியின் வழித்தடம் தெரியாமல், வளையின் மறுவாய் தெரியாமல் அது நடந்திருக்காது. ஊரிலிருந்து அவர்கள் கையோடு கொண்டுவந்த அறிவு அது.

1869இல் காப்பியைத் துருநோய் பிடித்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலை தேயிலையாக மாறியது. காப்பியைத் தின்ற எலிக்குத் தேயிலைக் காட்டில் இரை இல்லை. எலிவேட்டை தோட்ட வேலையிலிருந்து விலகியது. இன்று மலையகத்தில் எலி பிடிப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இல்லை.

தமிழ்நாட்டில் அந்த அறிவு அற்றுப்போகவில்லை. காவிரிப் படுகையில் கிட்டி வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வில்லாக வளைத்த மூங்கிலும் நாணும் நடுவில் இரையும்தான் கிட்டி. மாலையில் வயலில் பரவலாக நட்டுவிட்டு, விடிந்ததும் வந்து எடுப்பார்கள். பிடித்த எலிக்கு எண்ணிக் கூலி. செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்து இருளர்கள் வளையைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா, பாம்பு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். மற்ற வாய்களை அடைத்துவிட்டு ஒரு வாயில் மட்டும் மண்பானையில் வைக்கோல் புகை மூட்டி ஊதுவார்கள். மயங்கி வெளியே வரும் எலியைக் கையால் பிடிப்பார்கள். வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெல்லும் அவர்களுக்கே. பானையை வாயால் ஊதுவதில் உதடு வேகும், நெஞ்சில் புகை சேரும். பாம்பு பிடிக்கும் இருளர்களுக்கு 1978இல் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. எலி பிடிப்பவர்களின் புகைப்பானைக்கு மாற்றாகக் கையால் சுழற்றும் எஃகுக் கருவி வர அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டு ஆனது.

இருளர் முறையை லயத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. பெருச்சாளி வளைக்கு ஓரளவு முடியும். கூரை எலிக்கு முடியவே முடியாது, அதற்கு வளையே இல்லை. பெருச்சாளி வளையும் கான் கரையிலோ சுவரின் அத்திவாரத்திலோதான் இருக்கும். அத்திவாரத்தைத் தோண்டிப் புகை போடச் சரிவில் நிற்கும் நூறு வயதுக் கட்டடம் இடம் தராது. வயலில் புகை வெளியே கலைந்துபோகும், லயத்தில் அது பிள்ளைகள் படுத்திருக்கும் காம்பராவுக்குள் ஏறும். இருளரின் பார்வையை மட்டும் கடன் வாங்கலாம். பொறி வைப்பதற்கு முன் வழித்தடத்தைப் படிப்பதுதான் அது. சுவரோரம் எண்ணெய்ப் பிசுக்குப் போலக் கறுத்த கோடும் புதிய எச்சமும் இருந்தால் அது இன்றைய பாதை. தூசியும் சிலந்தி வலையும் படிந்திருந்தால் பழைய பாதை, அங்கே பொறி வைப்பது வீண்.

பொறியைப் பொறுத்தவரை இரண்டு கரையிலும் ஒரே தவறு நடக்கிறது. வாங்கிய அன்றே இரை வைத்து விசையை ஏற்றிவிடுகிறார்கள். கறுப்பு எலி புதுப்பொருளைச் சில நாட்கள் நம்பாது. நான்கைந்து இரவு விசை ஏற்றாமல் தேங்காய்ச் சொட்டோ கருவாடோ வைத்துத் தின்னவிட வேண்டும். பிறகு ஒரே இரவில் எல்லாப் பொறியையும் ஏற்ற வேண்டும். லயத்தில் இதன் பொருள், எல்லாக் காம்பராவிலும் ஒரே இரவில் என்பது. ஆளுக்கு ஒன்று இரண்டு பொறியோடு பத்துக் குடும்பம் ஒரே வாரத்தில் செய்தால் கிடைக்கும் பலன், ஒரு குடும்பம் ஆண்டு முழுக்கத் தனியாகச் செய்தாலும் கிடைக்காது. சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு, கோயில் திருவிழாவுக்கு முந்தின வாரம் என்று லயத்தார் சேர்ந்து துப்பரவு செய்கிற நாட்கள் ஏற்கனவே உண்டு. பொறியின் விசையை ஏற்றவும் அந்த நாளே போதும்.

பசை அட்டை வேண்டாம். இந்திய விலங்கு நல வாரியம் அதைத் தடுக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது மிருகவதையின் பொருட்டு. கூட்டுக்குப் பக்கத்தில் அது குஞ்சையும் ஓணானையும் பிடிக்கும், ஒட்டிக்கொண்ட எலி விடியும்வரை உயிரோடு கிடந்து துடிக்கும்.

நஞ்சைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு வேளாண் பரிந்துரைகளில் சிங்க் பாஸ்பைடும் புரோமடியோலோனும் நெடுநாளாக இருக்கின்றன. அவை வயலுக்கானவை. சிங்க் பாஸ்பைடு வயிற்று அமிலத்தோடு சேர்ந்து நச்சுவாயுவாக மாறுகிறது, அதற்கு மாற்று மருந்து இல்லை. கோழிகளுக்கு அது எலிக்கு இருக்கிற அளவுக்கே ஆபத்து. புரோமடியோலோன் இரத்தம் உறையவிடாமல் செய்வது. தின்ற எலி சாக மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும். அதற்குள் தள்ளாடித் திரிகிற எலியைக் கோழி கொத்தித் தின்னும், பூனை தின்னும், ஆந்தை தூக்கும். நமக்காக எலி பிடிக்கும் பிராணிகளையே நாம் கொல்கிறோம். பற்பசை போலக் குழாயில் வந்த மஞ்சள் பாஸ்பரஸ் எலிமருந்து ஈரலை அழித்து எத்தனையோ உயிரைக் குடித்தது. தமிழ்நாடு அரசு கடைசியில் அதைத் தடைசெய்தது.

இலங்கை இந்த விஷயத்தில் முன்னோடி. 1995இல் தற்கொலை விகிதம் இலட்சத்துக்குச் சுமார் 47 என்று உச்சத்தில் இருந்தது. மிகக் கொடிய பூச்சிகொல்லிகளை அந்த ஆண்டிலிருந்து படிப்படியாகத் தடைசெய்த பிறகு, இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் ஏறத்தாழ எழுபது சதவீதம் இறங்கியது. கைக்கெட்டும் இடத்தில் நஞ்சு இல்லாவிட்டால் உயிர்கள் பிழைக்கின்றன என்பதற்கு உலகம் எடுத்துக்காட்டும் நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஒரே காம்பராவில் சமையல், படுக்கை, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் இருக்கிற வீட்டில் எலிப்பாசாணத்தை எங்கே பூட்டி வைப்பது? அதை வாங்கவே கூடாது என்பது என் முடிவு. கோழி பத்துப் போனாலும் சரி.

சீமை அகத்தி என்று தமிழ்நாட்டில் சிலர் சொல்லும் கிளிரிசீடியாவை வரப்பில் நட்டால் எலி அண்டாது என்பது அங்குள்ள உழவர்கள் பலரின் நம்பிக்கை. மத்திய அமெரிக்காவில் அதன் பட்டையையும் விதையையும் சோளத்தோடு சேர்த்து எலிக்கு வைத்த பழக்கம் உண்டு. ஊவாவில் இதே மரம் தேயிலைக்கு நிழலாகவும் பசளையாகவும் விறகாகவும் எங்கும் நிற்கிறது. அதனால் எலி குறைந்ததாகத் தெரியவில்லை. மரம் உயிரோடு நிற்பது எலியை ஒன்றும் செய்யாது என்றே நினைக்கிறேன்.

எலியைக் கொல்வதைவிட எலியைப் பட்டினி போடுவதுதான் லயத்துக்கு ஏற்ற முறை. மாலையில் கோழி அடைந்தவுடன் தீன் தட்டை எடுத்து, மூடியுள்ள தகர டின்னில் போட்டுவிட வேண்டும். எலி இரவில் தின்பது, கோழி பகலில் தின்பது. இந்த ஒரு வித்தியாசமே நமக்குப் பெரிய உதவி. தீனைச் சாக்கோடு வைப்பதும் பிளாஸ்டிக் வாளியில் வைப்பதும் ஒன்றுதான், இரண்டையும் கடித்துவிடும். தண்ணீர்ச் சட்டியையும் கவிழ்த்து வைக்கலாம். கடையில் கோழிக்கம்பி என்று விற்கும் அறுகோண வலை கோழியை உள்ளே வைக்கும், எலியை வெளியே வைக்காது. அதன் கண் ஒரு அங்குலம். எலிக்குட்டி நுழைய அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடினாலே போதும். அரை அங்குலக் கண் வெல்ட் மெஷ் விலை கூடியது, எனவே கூடு முழுவதற்கும் வேண்டாம். கீழிருந்து இரண்டடியும் தரைப்பக்கமும் மட்டும் போட்டாலே நல்ல காவல். கூட்டை மூன்றடி உயரக் கால்களில் நிறுத்தி, ஒவ்வொரு காலிலும் பழைய கூரைத் தகரத்தை வழுக்கும்படி சுற்றிவிட்டால் ஏறுவதும் நின்றுபோகும். ஆனால் கூடு சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் இத்தனையும் வீண். எலி கூரையிலிருந்து இறங்கும். சுவருக்கும் கூட்டுக்கும் நடுவில் மூன்றடி விட முடிந்தால் மட்டும் தகரத்துக்குச் செலவழியுங்கள்.

குப்பையும் கானும் தனி மனிதர் கையில் இல்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவு செய்வதற்குத் தடையாக நின்றது. பக்கத்துச் சிங்களக் கிராமம் வரை வந்த குப்பை லொறி தோட்ட எல்லையில் திரும்பிப் போனதற்குச் சட்டமே காரணமாக இருந்தது. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. சட்டம் மாறியதைச் சொல்லிக் குப்பை லொறியைக் கேட்டுப் பெறாத தோட்டங்களில் இன்னும் குப்பை கானுக்குள்தான் போகிறது. தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தூய்மைக் காவலர் வீடு வீடாக வருவது எல்லா ஊரிலும் ஒழுங்காக நடப்பதில்லை. ஆனாலும் வரவில்லை என்றால் ஊராட்சித் தலைவரிடம் போய்ச் சண்டை போட அங்கே ஓர் ஆள் உண்டு. தோட்டத்தில் நீண்ட காலம் அந்த ஆள் துரையாகவே இருந்தார்.

எலிக்காய்ச்சலையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2008இல் இலங்கை முழுவதும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த நோய் சந்தேகிக்கப்பட்டது. எலி மூத்திரம் கலந்த நீரும் சேறும் புண் வழியாக உடலுக்குள் கிருமியைக் கொண்டுபோகின்றன. வயலில் இறங்கும் விவசாயிகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வாரம் ஒருமுறை டொக்சிசைக்ளின் கொடுக்கிறது. கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு அதே மருந்தைப் பெருமளவில் கொடுத்தார்கள். அட்டை கடித்த காலோடு கானைத் துப்பரவாக்கி, கூட்டுக்கடியில் எச்சம் வாருகிற தோட்டப் பெண்ணின் நிலை வயல்காரரின் நிலைக்குக் குறைந்ததல்ல. செருப்பில்லாமல் அந்த வேலைக்கு இறங்கக் கூடாது, காய்ச்சலும் தசைவலியும் வந்தால் கான் வேலை செய்ததை வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

இரு நாட்டையும் ஒப்பிட நீலகிரியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டது. அவர்களில் பலர் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் போனார்கள். அவர்களுக்காகவே 1968இல் தமிழக அரசு தேயிலை நட்டது, 1976இல் அது டான்டீ நிறுவனமானது. பதுளையில் கூரை எலியோடு வாழ்ந்த குடும்பம் பந்தலூரிலும் வரிசை வீட்டிலேயே குடியேறியது. கோழிக்கூடும் அதே மாதிரி, சுவரோடு ஒட்டி. கடல் தாண்டிப் போயும் எலித் தொல்லை மாறவில்லை, ஏனென்றால் வீட்டின் அமைப்பு மாறவில்லை. அவர்களிலேயே, டான்டீ வேலையை விட்டுக் கொஞ்சம் நிலம் வாங்கி வீடு கட்டியவர்களின் பின்கட்டில் கூடு சுவரைவிட்டுத் தள்ளி நிற்கிறது.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்த பிறகு, ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற கோரிக்கைக்கு வேகம் வந்தது. ஏழு பேர்ச் என்றால் ஏறத்தாழ 177 சதுர மீட்டர். இந்திய உதவியில் கட்டும் வீடு 550 சதுர அடி, அதாவது 51 சதுர மீட்டர். மிச்சம் 126. அதில் மலசலகூடம், மரக்கறிப் பாத்தி, வாசல் எல்லாம் போகக் கூட்டுக்கு ஒரு மூலை கிடைக்கும். அந்த மூலை சரிவின் கீழ்ப்பக்கமாக இருக்கட்டும், எச்சம் கழுவிய நீர் குடிதண்ணீர்ப் பக்கம் வராது. குசினியிலிருந்து பதினைந்தடி, விறகு அடுக்கு கூட்டுக்கு எதிர்மூலை, எல்லை வேலியை ஒட்டி மானாவை வளரவிடாமல் மூன்றடி வெறும் தரை. பக்கத்துக் காணிக்காரரின் கூடும் அதே வேலியில் முதுகோடு முதுகாக வந்துவிட்டால் மறுபடி லயம்தான். எனவே கூட்டின் இடத்தை வீட்டுக்கு அத்திவாரம் போடும் நாளிலேயே இரண்டு வீட்டாரும் பேசிக் குறித்துக்கொள்வது நல்லது.